எழுதாமல் விட்ட ஆறு வரி

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. முப்பது வருடமாக ஊரே சொல்லிக் கேட்டுப் பழகிவிட்டது. உத்திரமேரூர் வட்டாரத்தில் எந்தப் பள்ளியில் யார் ஓய்வு பெற்றாலும் வாழ்த்து மடல் எழுத என்னிடம்தான் வருவார்கள். ஆண்டு விழாச் சான்றிதழ்களில் பெயர் எழுதுவதும் நான்தான். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்பார்கள். பாடம் எடுத்தது என்னவோ வரலாறு, ஆனால் கையெழுத்து டீச்சர் என்று சொன்னால்தான் பலருக்கு என்னைத் தெரியும். அந்தக் கையெழுத்தைக் கொண்டு ஒரு பெண்ணுக்கு நான் செய்த கெடுதலை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வில் அவளுக்காகப் பரீட்சை எழுதினேன். தப்பாக நினைக்க வேண்டாம், அரசாங்கம் அனுமதித்ததுதான். கையால் எழுத முடியாத பிள்ளைகள் வாயால் சொல்லச் சொல்ல, ஓர் ஆசிரியர் உட்கார்ந்து எழுதித் தருவார். சொல்வதை எழுதுபவர் என்று அவருக்குப் பெயர். அவள் சொல்வதை நான் எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த ஒரு வேலையை நான் சரியாகச் செய்யவில்லை.

அவளை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தெரியும். அப்போது நான் ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் இருந்தேன். ஏரிக்கரையை ஒட்டிய இருளர் குடியிருப்பிலிருந்து வருவாள். அப்பா அம்மா இருவரும் கிடைக்கிற கூலி வேலைக்குப் போகிறவர்கள். வகுப்பில் எழுந்து நின்றால் அவள் பேச மாட்டாள், கொட்டுவாள். ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல் மிதித்துக்கொண்டு வரும். எங்கேதான் மூச்சு விடுகிறாள் என்று நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன், கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

கை கால் விஷயத்தில் நேர் எதிர். சட்டைப் பொத்தான் ஒன்று ஏறி ஒன்று இறங்கித்தான் இருக்கும். சத்துணவு வரிசையில் தட்டைக் கீழே போடாத நாள் அபூர்வம். பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை இடம் விட்டாலும் இடித்துக்கொண்டுதான் போவாள். நோட்டைத் திறந்தால் எறும்பை மையில் முக்கி ஓட விட்ட மாதிரி இருக்கும். அதுவும் மற்றவர்கள் ஒரு பக்கம் முடிக்கிற நேரத்தில் அவளுக்கு நாலு வரிதான் வரும். பதினொன்றாம் வகுப்பில் எல்லாருக்கும் தருகிற அரசாங்க சைக்கிளை அவள் மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவளால் கடைசிவரை அதை ஓட்ட முடியவில்லை, அப்பாதான் ஓட்டுகிறார்.

ஆனால் தலைக்குள் என்ன இருந்தது என்பதை ஒரு தடவை பார்த்தேன். உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். ஊரை முப்பது குடும்பாக, அதாவது வார்டாகப் பிரித்தது, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டது, ஒரு தடவை பொறுப்பில் இருந்தவர் மூன்று வருடம் கழித்துத்தான் மறுபடி வரலாம் என்பது, இதெல்லாம் வருடா வருடம் சொல்வதுதான், எனக்கு மனப்பாடம். அவள் எழுந்து ஏதோ கேட்டாள். ஒன்றும் விளங்கவில்லை. வகுப்பு சிரித்தது. "மெதுவா சொல்லும்மா" என்றேன். மெதுவாகச் சொல்லப் பார்த்தாள். இரண்டு வார்த்தை வந்தது, மூன்றாவது வரவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் உட்காருகிற பெண் வந்து சொன்னாள்: "டீச்சர், அவ இன்னா கேட்டான்னா, சின்ன குடும்புல தகுதி இருக்கற ஆளு கம்மியா இருந்தா மூணு வருஷத்துல ஆளே தீந்துடாதா, அப்ப இன்னா பண்ணுவாங்கன்னு கேட்டா."

இருபத்தைந்து வருடமாக அந்தப் பாடத்தை நடத்தி வந்தேன், இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தேன். பதில் தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் அந்தப் பேச்சை எடுக்காமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். தெரியாது என்று சொல்வது எனக்கு எப்போதுமே தொண்டையில் முள்.

ஆசிரியர் அறையில் அவளைப் பற்றி ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தோம். "அவங்க பாஷையே அப்படித்தான்" என்பார் ஒருவர். வீட்டில் சரியான சாப்பாடு இல்லை, அதனால் கையில் வலுவில்லை என்பார் இன்னொருவர். நானும் தலையை ஆட்டி ஆமோதித்தவள்தான். ஒரு நாள் அவள் அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொன்னபோது இதையே கொஞ்சம் பூசி மெழுகிச் சொன்னேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க வூட்ல யாரும் இப்டி பேச மாட்டோம் டீச்சர். எங்க ஆளுங்க பேசறதே கம்மி. வயல்ல எலி புடிக்கப் போறவன் வாயத் தொறந்தா எலி நிக்குமா? இது மட்டுந்தான் இப்டி பொறந்துகீது. வசம்பு ஜாஸ்தியா தேச்சிட்டேன்னு எல்லாம் என்னியத்தான் சொல்றாங்க."

குழந்தைக்குப் பேச்சு வர நாக்கில் வசம்பு தேய்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஊர் அம்மாவின் விரலைக் குற்றம் சொன்னது, நாங்கள் அவர்களுடைய சாதியையும் சோற்றையும் குற்றம் சொன்னோம். படித்தவர்கள் என்பதால் எங்கள் விளக்கம் கொஞ்சமும் மேலாக இருந்துவிடவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது ஒரு சிறப்பாசிரியை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காகப் பள்ளி பள்ளியாக வந்து போகிறவர். பதினொன்றாம் வகுப்பில் அவள் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களை உடைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து, காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் அரை நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு இதற்கு டிஸ்பிராக்சியா என்று பெயர் சொன்னாராம். மூளை சொல்வதைக் கையும் காலும் ஒழுங்காக வாங்கிக்கொள்ளாது. புத்தியில் குறையே இல்லை, இந்தப் பெண்ணுக்கு வயதுக்கு மீறிய புத்தி. நினைப்பு முன்னால் ஓடுகிறது, வாய் அதைப் பிடிக்க ஓடுகிறது, நாக்கின் அசைவும் முழுதாகக் கட்டுக்குள் இல்லாததால் சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. கை காலின் தடுமாற்றம், கூர்மையான புத்தி, வேகப் பேச்சு இந்த மூன்றும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பது அதிசயம் இல்லை என்றாராம். சிறப்பாசிரியை இதை என்னிடம் போனில் சொன்னபோது, ஒன்பதாம் வகுப்பில் அவளை எத்தனை தடவை 'மெதுவா, மெதுவா' என்று அதட்டியிருப்பேன் என்று கணக்குப் பார்க்கக்கூடத் துணிச்சல் வரவில்லை.

சான்றிதழ் கிடைத்தது. அதை வைத்துத் தேர்வில் அவள் சொல்வதை எழுத ஓர் எழுத்தரும் ஒரு மணி நேரம் கூடுதலும் அனுமதித்தார்கள். நான் அதற்குள் வேறு பள்ளிக்கு மாறியிருந்தேன். பிள்ளையின் சொந்தப் பள்ளி ஆசிரியரை எழுத்தராகப் போடக் கூடாது என்பதால், அதுவே என்னைப் போட வழியானது. அழகான கையெழுத்து, பிள்ளைக்கும் தெரிந்த முகம் என்று சிறப்பாசிரியைக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான், பொய் சொல்வானேன். என் கையெழுத்தில் அவள் விடைத்தாள் போனால் திருத்துகிறவர் அசந்துபோவார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சென்னையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் படிக்க வேண்டும். அதற்கு இயற்பியலில் நல்ல மார்க் வேண்டும். பரீட்சைக்கு முதல் நாள் என்னிடம் அதைச் சொன்னாள். மூன்று தடவை கேட்டுத்தான் புரிந்துகொண்டேன்.

தமிழும் இங்கிலீஷும் நன்றாகவே போயின. அவள் பாதி சொல்லும்போதே மீதி எனக்குத் தெரியும். கணக்குக்கு வேறொருவரைப் போட்டிருந்தார்கள், ஓவிய ஆசிரியர், சிடுமூஞ்சி. "இன்னொருதரம் சொல்லு, என்ன அவசரம், ரயிலுக்கா போற" என்று பரீட்சை முடிகிறவரை எரிந்து விழுந்தாராம். வெளியே வரும்போது அவள் கண் கலங்கியிருந்தது. "இயற்பியலுக்கு நான் இருக்கேன்" என்று தோளைத் தட்டினேன்.

இயற்பியல் அன்று எங்களுக்குத் தனி அறை. கண்காணிப்பாளர் ஒருவர் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தேர்வு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பறக்கும் படை வந்தது. அதில் ஒருவர் எங்கள் மேசைக்குப் பக்கத்தில் நின்று அவள் சொல்வதையும் நான் எழுதுவதையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஏதோ ஒரு வார்த்தையைத் திருப்பிக் கேட்டேன். "டீச்சர், நீங்க பேச வேணாம். பொண்ணு குரல் மட்டும்தான் கேக்கணும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கேயோ ஓர் எழுத்தர் விடை சொல்லிக் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்று அந்த வருடம் ஒரு பேச்சு அடிபட்டது. நிஜமோ பொய்யோ தெரியாது. ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு வருடம்தான் இருந்தது. வாயைத் திறந்தால் வம்பு என்று முடிவு கட்டினேன். திருப்பிக் கேட்கக் கூடாது என்று எனக்குக் கொடுத்த விதித்தாளில் எங்கும் இல்லை. பிறகு வீட்டில் வைத்து வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். சொன்னது புரியாவிட்டால் கேட்கலாம் என்றே இருந்தது.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வாள், தாளைப் பார்க்க மாட்டாள். ஒரு பதில் முடிந்ததும் என் பக்கம் திரும்புவாள். "எழுதிட்டீங்களா டீச்சர்?" நான் தலையாட்டுவேன். அடுத்ததற்குப் போய்விடுவாள். காந்தப் பாயம், மின்னியக்கு விசை என்று அங்கங்கே ஒரு சொல் பிடிபடும். நடுவில் வருவது பட்டாசு கட்டைக் கொளுத்திப் போட்ட மாதிரி போய்விடும். காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருள் சுழலும்போது மின்சாரம் எப்படிப் பிறக்கிறது என்று ஓர் ஐந்து மார்க் கேள்வி. முதல் வரியைப் பிடித்தேன், கடைசி வரியைப் பிடித்தேன். நடுவில் அவள் என்னென்னவோ சொன்னாள். நான் 'எனவே' என்று ஒரு சொல்லைப் போட்டு முதல் வரியையும் கடைசி வரியையும் சேர்த்துவிட்டேன். பார்ப்பதற்கு லட்சணமாக இருந்தது. இப்படி எத்தனை 'எனவே' போட்டேன் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒன்பது.

அவள் வழக்கத்தைவிட வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் வழக்கத்தைவிடப் பலமாகத் தலையாட்டிக்கொண்டே போனேன்.

இதிலெல்லாம் கேவலமானது இனிமேல் சொல்லப் போவதுதான். அவள் சொல்லி முடித்தபோது நாற்பது நிமிடம் பாக்கி இருந்தது. அவளுக்கென்றே கொடுத்த கூடுதல் நேரம். அந்த நாற்பது நிமிடத்தில் ஒரே ஒரு தடவை, 'இந்த இடத்தில் என்ன சொன்னே' என்று கேட்டிருக்கலாம். கண்காணிப்பாளர்கூடத் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். நான் ஸ்கேலை எடுத்தேன். ஒவ்வொரு தலைப்புக்கும் கறுப்பு மையில் அடிக்கோடு போட்டேன். ஓரத்தில் கோடு இழுத்தேன். கேள்வி எண்களைச் சுற்றி வட்டம் போட்டேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நான் கோடு போடுவதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் அம்மா காத்திருந்தார். "எல்லாம் சொல்லிட்டேம்மா, ஒண்ணு வுடல" என்று அவள் அம்மாவிடம் ஓடினாள். போகிற வழியில் இரும்பு கேட்டில் தோளை இடித்துக்கொண்டாள், அது அவளுக்குத் தெரியக்கூட இல்லை. நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மே மாதம் முடிவு வந்தது. சிடுமூஞ்சி எழுதிய கணக்கில் கிட்டத்தட்ட முழு மார்க். இயற்பியலில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே. அவள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பம் போட்டாள். நகல் வந்ததும் கம்ப்யூட்டர் சென்டரில் அச்சு எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வெயிலில் அம்மாவோடு என் வீட்டுக்கு வந்தாள்.

உட்கார வைத்து மோர் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள், அப்படியும் கொஞ்சம் மடியில் சிந்தியது. பிறகு தாள்களை மேசையில் பரப்பினாள். என் கையெழுத்து. அடிக்கோடு, வட்டம், ஓரக் கோடு. நகலிலும் பளிச்சென்றுதான் இருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் சிறிய சிறிய மார்க்குகள், நகலில் அவை சாம்பல் நிறமாக விழுந்திருந்தன.

கம்பிச்சுருள் கேள்வியில் 'எனவே' இருந்த இடத்தில் விரலை வைத்தாள். "இங்க ஆறு வரி சொன்னேன் டீச்சர்." சொல்லிவிட்டு அந்த ஆறு வரியையும் சொன்னாள். தேர்வு அறையில் சொன்ன அதே வேகம். மறுபடியும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"நான்தான் வேகமா சொல்லிட்டேன். தப்பு என்துதான்" என்றாள். அவள் அம்மா, "சொல்லாத நாளில்ல டீச்சர். வாயக் கட்டு, வாயக் கட்டுன்னு. கேட்டாத்தானே. இப்ப பேஜாராப் பூட்சி" என்றார்.

அப்படியே விட்டிருந்தால் அது அவள் தப்பாகவே போயிருக்கும். ஊர் முழுக்க ஏற்கெனவே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன், முடியவில்லை.

"இல்லம்மா. நீ சொன்னது எனக்குப் புரியல. நான் கேட்டிருக்கணும். பயந்துக்கிட்டு கேக்கல. புரியாமலே தலையாட்டிட்டேன்."

அவள் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப் பார்த்தாள், ஓரங்கள் ஒன்று சேரவில்லை. பிறகு சொன்னாள்: "கணக்குக்கு வந்த சாரு திட்டிக்கினே இருந்தாரு டீச்சர். நீங்க ஒரு வார்த்தை சொல்லல. நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கினே இருந்தீங்க. என் பேச்சு இவங்களுக்கு மட்டும் புரியுதேன்னு எனக்கு அவ்ளோ சந்தோஷம். அதான் இன்னும் வேகமா சொன்னேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் முன்னால் அழுதேன்.

தேர்வுத் துறைக்கு எழுதுகிறேன் என்று சொன்னேன், மறுநாளே எழுதவும் செய்தேன். என் பெயர், என் பதவி, தவறு முழுக்க என்னுடையது என்று எல்லாம் போட்டு. விடைத்தாளில் இருப்பதற்கு மட்டுமே மதிப்பெண் வழங்க இயலும் என்று சில வாரம் கழித்துப் பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதற்குள் சென்னைக் கல்லூரியில் இடங்கள் முடிந்துவிட்டன. அவள் பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் கணிதம் சேர்ந்தாள், இப்போது மூன்றாம் வருடம். எனக்கும் போன வருடம் ஓய்வு கொடுத்தார்கள். எனக்கான வாழ்த்து மடலை அச்சடித்துத் தரச் சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி முடிக்கவில்லை. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஆறு வரியைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். புரியவில்லை, இன்னொரு தடவை என்றேன். சொன்னாள். மூன்றாவது வரிக்கு மட்டும் ஐந்து தடவை கேட்டேன். ஒரு தடவைகூட அவள் முகம் சுளிக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே ஆசையாகச் சொன்னாள். அடிக்கோடு போடவில்லை, வட்டம் போடவில்லை. அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் தாளை வாங்கி, உதடு அசைய மேலிருந்து கீழே படித்தாள். "இப்ப கரெக்டா கீது டீச்சர்" என்றாள்.

அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த அவள் அம்மா சட்டென்று எழுந்து வந்தார். முகமே மாறியிருந்தது. தாளை மகளின் கையிலிருந்து வாங்கி, மை ஈரம் காயட்டும் என்று வாயால் ஊதினார். கசங்காமல் இருக்க, கொண்டு வந்திருந்த பிளாஸ்டிக் பையை உதறி அதற்குள் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு, கிளம்பத் தயாராக நின்று என்னைக் கேட்டார்.

"இத்த எடுத்துக்கினு எந்த ஆபீசுக்குப் போவணும் டீச்சர்? இன்னிக்கு ஞாயித்துக்கெயம, நாளைக்குக் காலைல போனா வாங்கிக்குவாங்களா?"

வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று அந்த அம்மாவுக்குப் புரியும்படி நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.